இளையோர் நாவல்: நாயகி ஏன் திமிர்க்காரியாகத் தெரிகிறாள்?

கேள்வி: 15 வயதுப் பெண்ணை நாயகியாக வைத்து இளையோர் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். ஊர் கன்னங்குறிச்சி. முதல் 40 பக்கங்களுக்குள் அவள் கிராப் வெட்டிக்கொள்கிறாள், தலைமையாசிரியையிடம் எதிர்த்துப் பேசுகிறாள், மாமன் சீர் வேண்டாம் என்கிறாள், கறி சாப்பிடுவதையும் விட்டுவிடுகிறாள். படித்துப் பார்த்த தோழிகள் எல்லாரும் ‘திமிர் பிடிச்சவ’ என்கிறார்கள். எங்கே தவறு?
- வாசகி, சேலம்

பதில்: எண்ணிக்கையில். ஒரு மறுப்புக்கான அடி அவள் மேல் விழுவதற்குள் அடுத்த மறுப்புக்குத் தாவிவிடுகிறாள். அதனால் அவளுடைய வாய் தெரிகிறது, துணிச்சல் தெரியவில்லை. மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிராப்பே போதும்.

அடுத்து, அதற்கு உடம்போடு ஒட்டிய ஒரு காரணம் கொடுங்கள். விடியற்காலையில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் அடிப்பவள் என்று வையுங்கள். ஈரத் தலையை அப்படியே பின்னி, ரெட்டைச் சடையாக மடித்து ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு ஓடுகிறாள். சாயங்காலம் அவிழ்த்தால் உள்முடி இன்னும் நசநசவென்று இருக்கிறது. வாடை, பேன், தலைபாரம். அதற்காக வெட்டுகிறாள். சுதந்திரம் பற்றி ஒரு வரிகூட அவள் பேச வேண்டியதில்லை.

பிறகு விலை. பள்ளியில், வீட்டில், தோழியிடம் என்று மூன்று இடத்தில் அவள் கொடுக்க வேண்டும். காலை வழிபாட்டில் தனியே நிறுத்தி வைப்பது எல்லாருக்கும் தோன்றும் காட்சி, அரைப் பக்கத்தில் முடித்துவிடுங்கள். வீட்டில்தான் நின்று எழுத வேண்டும். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா வழக்கம்போல இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறாள். பாதியைக் கிள்ளி மகள் பக்கம் திரும்புகிறாள். கை அப்படியே நிற்கிறது. ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டையும் தன் தலையிலேயே வைத்துக்கொள்கிறாள். திட்டும் அம்மாவைவிட இந்த அம்மாதான் மகளை அதிகம் அசைப்பாள்.

மூன்றாவது விலை, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழி இடம் மாறிப் போவது. இதற்கும் மேலே ஒன்று வேண்டும். நாவலின் நடுவில் ஒரு நாளாவது அவள் கண்ணாடி முன் நின்று, முடி காது வரை வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். தன் முடிவை ஒருமுறைகூடச் சந்தேகிக்காத பாத்திரத்தைத்தான் வாசகர்கள் திமிர் என்கிறார்கள்.

கேள்வி: கதையை அவளே சொல்வதா, வேறொருவர் சொல்வதா?
- அதே வாசகி

பதில்: காரணத்தை வாசகர் முதலிலேயே அறிய வேண்டுமென்றால் அவளே சொல்லட்டும். அவள் கொஞ்சம் புதிராக இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஜெர்ரி ஸ்பினெல்லியின் ‘ஸ்டார்கேர்ள்’ (2000) இரண்டாவது வழியில் போகிறது. உகுலேலே என்ற சிறு கிடாரை வாசித்துக்கொண்டு, செல்ல எலியோடு பள்ளிக்கு வரும் அந்தப் பெண்ணின் கதையை அவளை நேசிக்கும் லியோ சொல்கிறான். விளையாட்டில் எதிரணி புள்ளி எடுத்தாலும் கைதட்டுகிறாள் என்பதற்காகப் பள்ளியே அவளை ஒதுக்கும்போது, ‘எல்லாரையும் போல இரேன்’ என்று கேட்பவனும் அவன்தான். நமக்கு வலிப்பது அங்கேதான். உங்கள் நாவலில் இடம் மாறிப்போன தோழியே கதை சொன்னால் எப்படி இருக்கும் என்று ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் நாயகன் பெரிதாக எதையும் செய்வதில்லை, ‘மாட்டேன்’ என்கிறான், அவ்வளவுதான். கடைசியில் தோற்கவும் செய்கிறான். பிள்ளைகள் படிக்கும் கதை இப்படி முடியலாமா?
- ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாக. ராபர்ட் கார்மியரின் ‘த சாக்லேட் வார்’ (1974) அப்படிப்பட்ட நாவல். பள்ளிக்காக ஆளுக்கு 50 பெட்டி சாக்லேட் விற்க வேண்டும். ஜெர்ரி என்ற மாணவனை 10 நாள் மறுக்கச் சொல்லி ஒரு ரகசியக் கூட்டம் ஏவுகிறது. 10 நாள் முடிந்த பிறகும் அவன் மறுக்கிறான். ஏவியவர்களுக்காகச் சொன்ன சொல் அந்தப் பதினோராம் நாளில் அவனுடையதாகிறது. முடிவில் அடிபட்டு வீழ்கிறான்.

உங்கள் கதையிலும் அந்தப் ‘பதினோராம் நாள்’ எது என்று தேடுங்கள். அது இருந்தால் அவன் தோல்வி வாசகர் மனதில் நிற்கும். இல்லாவிட்டால், அடம் பிடித்து அடி வாங்கினான் என்றுதான் படும். கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியர் மனம் மாறிக் கட்டிப்பிடிக்கும் காட்சியை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். 14 வயது வாசகர் அதை நம்ப மாட்டார். (‘த சாக்லேட் வார்’ நாவலில் அடிதடி கடுமையாக இருக்கும். மாணவர்கள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.)

கேள்வி: ஏற்காட்டில் கதை வைத்திருக்கிறேன். பனிமூட்டம் தவிர எதுவும் வரமாட்டேன் என்கிறது.
- வாசகர், நாகலூர்

பதில்: சுற்றுலா வந்தவர் கண்ணால் பார்க்கிறீர்கள். மலைப் பையனுக்குப் பனி செய்தியே இல்லை. கோடை விழாவுக்குக் கீழேயிருந்து கூட்டம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் மே மாதம் அவனுக்குப் பள்ளி விடுமுறை. ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டி முன் நிற்பவனாக அவனை வையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அரையாண்டுத் தேர்வோடு மோதும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் சில நாளில் தோட்டம் முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாக விரியும், அப்போது பொதுத் தேர்வு. அவன் எதை மறுக்கப் போகிறானோ அதை இந்தக் காலண்டரில் ஒரு தேதியில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

கேள்வி: உரையாடலில் சேலத்துப் பேச்சு எவ்வளவு இருக்கலாம்?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: பெரியவர்களிடம் பேசும்போது ‘ங்க’ விடாமல் வரட்டும், பிள்ளைகளுக்குள் ‘டா’, ‘டி’. கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போனால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். எழுதியதை 10ஆம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் வரிகளைத் திருத்தினால் போதும்.