வெளிநாட்டுப் பயணத்தில் நீங்கள் சுற்றிய சந்தைகளில் மனதை விட்டு அகலாதது எது?

பாங்காக்கில் உள்ள பாக் க்லோங் தலாத் பூச்சந்தை. யோசிக்கவே வேண்டாம், எனக்கு அதுதான்.

2024 ஜனவரியில் நானும் கணவரும் தாய்லாந்து போயிருந்தோம். இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று அவர்கள் அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஐந்து நாளில் சதுசாக் வாரச் சந்தை, சைனா டவுனின் சம்பெங் சந்து என்று கால் வலிக்க வலிக்கச் சுற்றினோம். அவையும் நன்றாகத்தான் இருந்தன. சதுசாக்கில் ஒரு நாள் முழுக்க நடந்தாலும் பாதிச் சந்தையைக்கூடப் பார்த்து முடிக்க முடியாது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தப் பூச்சந்தைதான்.

அதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பூக்கட்டி எங்களை வளர்த்தவர். எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். விடிவதற்கு முன்பே போய் உதிரிப்பூ வாங்கி வந்துவிடுவார். ஈரத்துணியில் பரப்பி, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழ மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தங்கையும் கூடவே உட்கார்ந்து கட்டுவோம். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. எட்டு வயதில் பழகிய கை, இன்றைக்கும் மறக்கவில்லை.

பாக் க்லோங் தலாத் என்றால் தாய்லாந்து மொழியில் 'வாய்க்கால் வாயில் உள்ள சந்தை' என்று பொருள். சாவ்ப்ரயா ஆற்றோடு ஒரு வாய்க்கால் சேரும் இடத்தில், 1932இல் திறந்த நினைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் பகலில் போனால் பாதிதான் பார்த்ததாக ஆகும். தோட்டங்களிலிருந்து லாரிகள் வந்து இறங்குவது ராத்திரியில்தான். நாங்கள் தங்கியிருந்த சைனா டவுன் பக்கத்திலிருந்து நடக்கிற தூரம் என்பதால் இரவு ஒரு மணிக்குக் கிளம்பிப் போனோம்.

சந்தைக்குள் நுழையும் இடத்திலேயே ஒருவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். மீன் கடையோ என்று கணவர் கேட்டார். இல்லை, மல்லிக்குத்தான். மொட்டு அவிழாமல் இருக்க, பிளாஸ்டிக் பைகளில் மல்லி மொட்டைக் கொட்டி ஐஸோடு சேர்த்து வைக்கிறார்கள். நாங்கள் ஈரத்துணியை வைத்துச் சமாளிக்கிற வேலையை அங்கே ஐஸ் செய்கிறது. ஒரு பையைக் காட்டி, இதன் பெயர் என்ன என்று கடைக்காரப் பெண்ணிடம் சைகையில் கேட்டேன்.

"மலி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "மல்லி" என்றேன் நான். அவர் தலையாட்டி, என் உச்சரிப்பைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் "மலி" என்றார். பக்கத்தில் தொங்கிய மாலையைக் காட்டினேன். "புவாங் மாலை." பாலி, சமஸ்கிருத மொழிகள் வழியாக அந்த நாட்டுக்குப் போன சொற்கள் இவை. அது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், இவ்வளவு தூரம் பறந்து வந்து அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான்.

அப்புறம் ஒவ்வொரு கூடையாகப் பெயர் கேட்க ஆரம்பித்துவிட்டேன். சம்பா என்றால் செண்பகம். ஊதா நிறத்தில் வாடாமல்லி குவிந்து கிடந்தது. அதன் பெயரைக் கேட்டு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால், 'வாடத் தெரியாமல் பூப்பது' என்று வந்தது. இந்தப் பெயர் எங்கிருந்தும் யாரும் கடன் வாங்கியதாக இருக்காது. பூவைப் பார்த்த இரண்டு ஊர் மக்களுக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது.

என்னை அசர வைத்தது எருக்கம்பூதான். ஆமாம், நம் ஊர் வேலியோரத்தில், தரிசில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து நிற்கிற அதே எருக்கு. நமக்கு அது பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள் வேண்டும், மற்ற நாளில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். கல்யாண மாலையில் எருக்கு வைக்கலாம் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடிக்கவே வந்துவிடுவார்கள். அங்கே மூட்டை மூட்டையாக எருக்கு. இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு நடுவில் இருக்கும் கிரீடம் மாதிரியான பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அதைக் கோத்தால் தந்தத்தில் கடைந்த மணி போல இருக்கிறது, அவ்வளவு சீராக, அவ்வளவு வெள்ளையாக. அந்தப் பூவுக்கு அவர்கள் மொழியில் 'ரக்' என்று பெயர். ரக் என்றால் காதல் என்றும் பொருள். அதனால் கல்யாணத்துக்கு அது இல்லாமல் முடியாதாம். இத்தனை வருடம் பூவோடு வளர்ந்தும் எருக்கம்பூ இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மாலை கட்டும் ஒரு அம்மா அங்கே இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலி. எல்லோரும் அவரை 'பா' என்று கூப்பிட்டார்கள். பெரியம்மா என்று அர்த்தமாம், அதனால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கையில் ஓரடி நீளத்துக்கு ஒரு ஊசி. அதில் பூ வழுக்கிப் போவதற்காக வாஸ்லின் தடவியிருந்தார். முதலில் சின்னதாக நறுக்கிய வாழையிலைத் துண்டு ஒன்று. அதன் மேல் மல்லி மொட்டுகளைக் குறுக்காகக் குத்தி, சுற்றிலும் ஒரு வட்டம். அதற்கு மேல், இரண்டு மொட்டுக்கு நடுவில் அடுத்த மொட்டு வருகிற மாதிரி இன்னொரு வட்டம். ஒவ்வொரு வட்டமும் முடிந்ததும் விரல் நுனியால் ஒரு தட்டு தட்டிச் சமன் செய்தார். ஊசி நிறைந்ததும் காதில் நூலைக் கோத்து ஒரே இழுப்பு, பூவெல்லாம் அப்படியே நூலுக்கு இறங்கிவிட்டது. இரண்டு முனையையும் வளைத்துக் கட்டி வளையமாக்கி, கீழே எருக்கம்பூக் குஞ்சம், குஞ்சத்தின் நுனியில் ஒரு செண்பக மொட்டு. கைக்குள் அடங்குகிற மாலை. 20 பாட்.

என் கணவர் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பா சட்டென்று கையை நீட்டித் தடுத்து என்னவோ சொன்னார். எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சாமிக்குப் போகிற பூவை முகரக் கூடாது. சின்ன வயதில் இதற்காக நான் அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன்!

எனக்கும் பூக்கட்டத் தெரியும் என்று சைகை காட்டினேன். ஒரு பிடி மொட்டும் நூலும் கொடுத்தார். நார் இல்லாமல் வெறும் நூலில் கட்டுவது கஷ்டம், வழுக்குகிறது. காம்பும் குட்டையாக இருந்தது. ஆனாலும் ஒரு சாண் கட்டிவிட்டேன். ஊசியே இல்லாமல் விரலிலேயே முடிச்சு விழுவதைப் பார்த்து அவர் தன் வேலையை நிறுத்திவிட்டார். மெதுவாகச் செய் என்று கையைக் காட்டினார். செய்து காட்டினேன். அவரும் முயன்றார். முதல் இரண்டு கண்ணி அவிழ்ந்து விழுந்தது, மூன்றாவது நின்றது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் காட்டினார். நான் கட்டிய சரத்தை என் கொண்டையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவரே எழுந்து வந்து வைத்துவிட்டார். அங்கே தினமும் தலையில் பூ வைக்கும் வழக்கம் கிடையாது. மணப்பெண்ணும் நடனம் ஆடுபவர்களும்தான் வைப்பார்கள். சந்தையை விட்டு வெளியே வரும் வரை நிறைய பேர் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பான சிரிப்பு.

மல்லி விலையையும் பா சொன்னார். குளிர் காலத்தில் வரத்து குறைவு, விலை ஏறிவிடும், அதனால் மல்லியைக் குறைத்து எருக்கைக் கூட்டிக் கட்டுவோம் என்றார். நம் ஊரிலும் மார்கழி, தை பனியில் மொட்டு பிடிக்காது, முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிப் போகும். ஒரு வித்தியாசம், அங்கே உதிரி மல்லியை லிட்டர் கணக்கிலும் விற்கிறார்கள்.

தாமரையையும் சொல்லிவிடுகிறேன். விரியாத மொட்டின் வெளியிதழை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துச் செருகுகிறார்கள், வெற்றிலை மடிக்கிற மாதிரி. ஒரு நிமிடத்தில் மொட்டு வேறு ஒரு பூவாகிவிடுகிறது. மஞ்சள் கேந்திப்பூ மாலைகளோ மலை மலையாக. மறுநாள் ராட்சப்ரசோங்கில் எராவன் பிரம்மா சந்நிதியிலும், தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோவில் வாசலிலும், டாக்ஸிகளின் கண்ணாடியிலும் தொங்கிய மாலைகளைப் பார்த்தபோது, இவை எந்தக் கூடையிலிருந்து வந்திருக்கும் என்றுதான் மனது கணக்குப் போட்டது.

போக நினைப்பவர்களுக்கு: மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் பக்கம். நள்ளிரவோடு மெட்ரோ நின்றுவிடும், திரும்ப டாக்ஸிதான். 2016இல் நடைபாதைக் கடைகளை அகற்றிவிட்டதால் சாலையோரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், உள்ளே கூரைக்கு அடியில் இருக்கும் பகுதிக்குப் போங்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு வழி விடுங்கள். நடுவழியில் நின்று படம் எடுப்பது அவர்கள் பிழைப்பைத் தடுப்பது, எனக்கு அது பிடிக்கவே இல்லை. 20 பாட் கொடுத்து ஒரு மாலையாவது வாங்குங்கள்.

நான் அம்மாவுக்கு அந்த நீள ஊசி ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எருக்கம்பூ மாலையின் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "பூவை லிட்டர்ல அளக்குறாங்களா? ஒரு லிட்டருக்கு எத்தனை முழம் வரும்?" என்று கேட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆகஸ்ட் 12 அங்கே அன்னையர் தினம், அன்றைக்கு அம்மாவுக்கு மல்லிகைதான் கொடுப்பார்களாம். அந்தச் சமயத்தில் அவரை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று, போலீஸ் விசாரணையும் போன வாரம் முடிந்தது.