டூட்டி மாறும் நேரம்: கேள்வி-பதில்

கேள்வி: நைட் டூட்டி முடிந்து கிளம்பும்போது கேஸ் ஷீட்டைக் கொடுத்தால் போதாதா? எல்லாம் அதில்தானே இருக்கிறது? (ஸ்டாஃப் நர்ஸ், மன்னார்குடி)

போதாது. ஷீட்டில் இருப்பது நடந்தது. இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்கள் தலையில் இருக்கிறது. படுக்கையருகே நின்று சொல்லுங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும்.

கேள்வி: எஸ்பார், ஐ-பாஸ் இரண்டில் எது சிறந்தது? (பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்)

இரண்டுமே நோயாளியின் விவரத்தை வரிசை மாறாமல் சொல்லும் முறைகள். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. நள்ளிரவில் சீனியரை போனில் எழுப்ப எஸ்பார். வார்டையே ஒப்படைக்க ஐ-பாஸ். 2014-இல் வெளியான ஆய்வில், வட அமெரிக்காவின் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் ஐ-பாஸ் வந்தபின் தவறுகள் ஏறக்குறைய கால்வாசி குறைந்தன. அதன் கடைசிப் படியும் திருப்பிச் சொல்வதுதான். நம்மவர்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

கேள்வி: பாம்புக்கடி கேஸை மேலே அனுப்பும்போது 108 வாசலில் நிற்கிறது. விவரமாக எழுத நேரம் ஏது? (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், திருத்துறைப்பூண்டி பக்கம்)

"பாம்புக்கடி. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது." இந்த ஒற்றைவரிச் சீட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. டெல்டாவில் வயலில் வேலை இறங்கினால் பாம்புக்கடியும் கூடவே வரும். தெரிந்த கதைதானே, சீட்டை முன்கூட்டியே அச்சடித்து வைத்தால் என்ன? கடித்த நேரம். கட்டுப் போட்டிருந்தால் எப்போது அவிழ்த்தீர்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எத்தனை மணிக்கு, உறைந்ததா. விஷமுறிவு எத்தனை குப்பி, எப்போது ஏற்றினீர்கள். அலர்ஜி வந்ததா, அட்ரினலின் போட்டீர்களா. இமை தொங்குகிறதா. நிரப்ப இரண்டு நிமிடம். விரியன் கடியில் மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஏற்றிய நேரமே தெரியாவிட்டால் அங்கே இருப்பவர் எதிலிருந்து எண்ணுவார்? வலிப்பு வந்த கர்ப்பிணிக்கும் இதே கதி. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் போட்டதை எழுதாமல் அனுப்பினால், அங்கே இன்னொரு லோடிங் டோஸ் (முதலில் தரும் பெரிய அளவு) ஏறும், மூச்சே அடங்கிப்போகலாம். வண்டி கிளம்புமுன் போன் செய்து, மறுமுனையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆம், மறுபடியும் அதேதான்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் ஹேண்ட்ஓவர் (நோயாளியை ஒப்படைக்கும் விவரம்) போடலாமா? (நாகப்பட்டினம்)

நோயாளி பெயர் போட்டா? வேண்டவே வேண்டாம். ப்ளூ டிக் விழுந்தால் பார்த்தார், அவ்வளவுதான், பொறுப்பேற்றார் என்றாகாது.

கேள்வி: அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் இன்சுலின் 4-ஆ, 40-ஆ என்று தெரியவில்லை. எது சரி? (கும்பகோணம்)

இதைக் கடிதம் போட்டா கேட்பது! யூனிட் என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யூ' மட்டும் போட்டால் அது பூஜ்யமாகத் தெரியும். டோஸ் பத்து மடங்காகிவிடும். ஊகித்து ஊசி போடாதீர்கள். உடனே அந்த வார்டுக்கு போன் செய்து கேளுங்கள். சொன்னவர் பெயரையும் நேரத்தையும் சீட்டிலேயே குறித்து வையுங்கள்.