கடைப் பலகையில் ரெயிலரோ, தையற்காரரோ?

தம்பி, கொக்குவில் கடைப் பலகைக்கு ‘ரெயிலர்’ போடுறதோ ‘தையற்காரர்’ போடுறதோ, இரண்டுக்கும் கருத்து ஒண்டோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். தொழில் ஒண்டுதான், வேர் வேறை. ரெயிலர் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சில இருந்து வந்தது; அடிக்கருத்து ‘வெட்டுபவர்’. அங்க கத்தரிக்கோல் முந்துது, தமிழில ஊசி. ‘தை’ எண்ட வினையோட ‘அல்’ சேர்ந்து தையல், பிறகு காரர். சிலப்பதிகாரம் புகார் நகரில் துணி தைப்பவரைத் ‘துன்னகாரர்’ எண்டும், தோல் தைப்பவரைத் ‘தோலின் துன்னர்’ எண்டும் ஒரே அடியில சொல்லுது. துன்னுதல் எண்டாலும் தைத்தல்தான், எவ்வளவு வடிவான சொல்!

பலகை எழுதுறவர் பிழை விடுறது புணர்ச்சியில. ககரத்துக்கு முன்னால ‘ல்’ ‘ற்’ ஆகும்: தையற்காரர், தையற்கடை. ‘தையல்க்காரர்’, ‘தையற்க்கடை’ இரண்டும் பிழை. ‘ற்’ வந்தால் பிறகு ‘க்’ வராது. ‘தையற்கடை’யைப் பெரிசா எழுதி, கீழே ‘ரெயிலர்’ போடுங்கோ. பெயின்ற் அடிக்க முதல் பென்சில் கோட்டிலேயே எழுத்தைச் சரிபாருங்கோ.