ஆற்றுத் தண்ணீர் இருக்கட்டும், அந்தச் செந்தூரத்தை நிறுத்துங்கள்

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் காவிரித் தண்ணீரிலும் நொய்யல் தண்ணீரிலும் பாதரசம் இருக்குமோ என்ற பயத்தைப் பற்றி எழுதிவிட்டு, உடம்பில் சேர்ந்த பாதரசத்தைக் கழிப்பதற்காக ஒரு மாதமாகச் செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடியைச் சாப்பிட்டு வருவதையும், காலையில் முகம் வீங்கிச் சிறுநீர் நுரைத்துப் போவதையும் கடைசியில் இரண்டே வரியில் சொல்லியிருக்கிறீர்கள், அம்மணி. ஆறு மாதக் கர்ப்பிணி இதற்குத் தபாலில் பதில் எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இதைப் படித்ததும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடும் தலைவலியோ, கண் மங்கலோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்துகொண்டால் நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். இது கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். செந்தூரத்தால் வந்த சிறுநீரகப் பாதிப்பாகவும் இருக்கலாம். சிலவகைச் செந்தூரங்களின் மூலப்பொருளான இலிங்கம் என்ற சிவப்புக் கனிமமே பாதரசச் சேர்மம்தான். நாட்டு மருந்து உட்கொண்டவர்களிடம் இத்தகைய சிறுநீரக நோயை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022இல் பதிவு செய்தார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரத ஒழுக்கு குறைந்தது. ஆகவே இன்றே அதை நிறுத்திவிட்டு, பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரில் பாதரச நஞ்சால் மக்கள் நோயுற்ற கதையைக் கைப்பேசியில் பார்த்த நாள் முதல் தூக்கமில்லை என்கிறீர்கள். வயிற்றுப் பிள்ளையை நினைத்து வந்த பயம் அது. அதில் நியாயமும் உண்டு. அங்கே ஓர் இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை விரிகுடாவில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம், சிறு உயிரிகளிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் படிப்படியாகச் செறிந்து ஏறியது. நோய் வெளியே தெரிந்தது 1956இல். அறிகுறி அதிகமில்லாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன, ஏனெனில் மெத்தில் பாதரசம் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளையில் சேர்கிறது. ஆனால் அங்கே நஞ்சு உடலுக்குள் போனது நாள்தோறும் உண்ட மீன் வழியாக. குடிநீர் வழியாக அன்று. நொய்யலைக் கெடுத்ததும் பெரும்பாலும் சாயக்கழிவின் உப்புதான். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை கொங்கு நாட்டில் யாருக்குத்தான் தெரியாது! குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். சந்தேகம் தீரவில்லையென்றால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், பாதரசம் போகாது.

உங்களுக்கு இரவில் கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவது, மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துவதால் கர்ப்பிணிகள் பலருக்கு வருவது. பாதரச நஞ்சானால் வாயைச் சுற்றியும் கை கால் நுனிகளிலும் மரத்து, நடை தள்ளாடி, பார்வை சுருங்கும். வாயில் உலோகச் சுவையும் கர்ப்பகாலத்தில் வருவதுதான். அதற்காக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் அது மகா தவறு. முடி உதிர்வதற்கு இப்போது மருந்தே வேண்டாம்.

சுறா, வஞ்சிரம், பெரிய சூரை ஆகியவற்றைப் பிள்ளை பிறந்து பாலூட்டி முடிக்கும்வரை ஒதுக்கிவையுங்கள். மத்தி, நெத்திலி, ரோகு, ஜிலேபி போன்றவற்றை வாரம் இரண்டு முறை தாராளமாகச் சாப்பிடலாம் என்று, மீன் குழம்பையே நிறுத்திவிட்ட உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.