'தி லஞ்ச்பாக்ஸ்' காதல் நகைச்சுவைப் படங்களின் வழக்கத்திலிருந்து எங்கே விலகுகிறது?

மும்பையின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழர்களுக்கு, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்கள் அன்றாடக் காட்சி என்பதால், ரித்தேஷ் பத்ராவின் இப்படத்தில் (2013) இலா கணவனுக்கு அனுப்பும் சாப்பாட்டு டப்பா இடம் மாறி சாஜனிடம் போவது காதல் நகைச்சுவைகளுக்கே உரிய தற்செயலாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் அவ்வகைப் படங்கள் நாயகனையும் நாயகியையும் மோதவிட்டு, பிரித்து, இறுதியில் சேர்த்துவைக்கும்; இதிலோ, பணி ஓய்வை நெருங்கும் சாஜனும் கணவனால் கவனிக்கப்படாத இலாவும் அந்த டப்பாவில் வைத்தனுப்பும் கடிதங்களில் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். சந்திக்க ஒப்புக்கொண்ட உணவகத்துக்கு வந்தும், தன் முதுமையை எண்ணிக் கூசி, காத்திருக்கும் அவளைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுப் பேசாமலே திரும்புகிறார் சாஜன். வழக்கமான படமாக இருந்தால் இது வெறும் தடங்கலாகி, ஓட்டமும் துரத்தலுமாகச் சரிசெய்யப்பட்டிருக்கும். நாயகியின் தோழி வரவேண்டிய இடத்தில், இலாவின் மேல்மாடியில் வசிக்கும் ஆன்ட்டி குரலாக மட்டுமே வருகிறார் (படத்தின் சிறந்த நகைச்சுவை அவருடையதே என்பேன்). இருவரும் சேர்ந்தார்களா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை.