வாசகர் கேள்வி: பெர்லின்ல தலையாட்டாதீங்கோ

கேள்வி: அண்ணை, திருகோணமலை உப்புவெளியில சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறன். மார்ச் மாசம் பெர்லின்ல நடக்கிற ஐடிபி சுற்றுலாக் கண்காட்சிக்குப் போறன், ஜெர்மன் டூர் கொம்பனிக்காரர் சந்திக்க நேரம் தந்திருக்கினம். எப்பிடிப் பழக வேணும்? அதில ஒராள் வீட்டுக்கும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், என்ன கொண்டு போறது?
- வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, பத்து மணி எண்டால் பத்து மணிதான், அது உங்களுக்கே தெரியும். ஆனா அங்கத்த ஹோல்கள் பெரிசு, ஒண்டில இருந்து மற்றதுக்கு நடக்கவே நேரம் போயிடும், அதால வெள்ளனவே வெளிக்கிடுங்கோ. போனவுடன இருக்கிற எல்லாருக்கும் கண்ணைப் பாத்துக் கை குடுங்கோ. பேரைச் சொல்லேக்க ஆம்பிளையளுக்கு ஹெர், பொம்பிளையளுக்கு ஃப்ராவ் எண்டு குடும்பப் பேரோட சொல்ல வேணும். உங்களையும் பாஸ்போர்ட்ல கிடக்கிற அப்பான்ர பேராலதான் கூப்பிடுவினம், "ஹெர் கந்தசாமி" எண்டு கேட்டா அப்பாவைத் தேடாமத் திரும்பிப் பாருங்கோ. இன்னொண்டு, நாங்கள் சரி எண்டுறதுக்கு தலையைப் பக்கவாட்டில ஆட்டுவமே, அது அவைக்கு இல்லை எண்டுற மாதிரித் தெரியும், வாயால சொல்லுங்கோ.

சுகம் விசாரிக்கிற கதை நீளாது, நேரா விசயத்துக்கு வந்திடுவினம், கோவமாக்கும் எண்டு நினைக்காதீங்கோ. ரூம் எத்தினை சதுர மீட்டர், கடற்கரைக்கு எத்தினை மீட்டர், கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கோ எண்டு துருவித் துருவிக் கேப்பினம். அதுக்குக் காரணம் இருக்கு. அங்க பெக்கேஜ் டூர்ல சொன்னது ஒண்டு கிடைச்சது வேறொண்டு எண்டால் பயணி சட்டப்படி காசைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், அந்த அடி முதல்ல கொம்பனிக்காரன்ர தலையிலதான் விழும்.

எங்கட ஆக்களுக்கு முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்ல வாய் வராது. டிசம்பர்ல ஆக்களை அனுப்பலாமோ எண்டு அவர் கேக்க நீங்களும் "பிரச்சினை இல்லை சேர்" எண்டு சொல்லிப்போடுவீங்கள், அந்தச் சனம் வந்திறங்கேக்க வாடைக் காத்தும் மழையும், நிலாவெளியில கடல் கொந்தளிச்சுக்கொண்டு கிடக்கும், புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது. மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும்தான் எங்கட சீசன் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. இல்லை எண்டதுக்கு அவையள் முகம் சுளிக்க மாட்டினம், பிறகு வந்து இழுபட்டாத்தான் அடுத்த வருசம் ஈமெயிலுக்குப் பதிலே வராது. கதைச்ச எல்லாத்தையும் அண்டைக்கே ஈமெயில்ல எழுதி அனுப்புங்கோ, விலையை ஈரோவில போடுங்கோ.

சாப்பாட்டுக்கு நல்ல சிலோன் தேயிலைப் பெட்டி ஒண்டு காணும். பூவும் குடுக்கலாம், ஒற்றைப்படையில வாங்கி, சுத்தின பேப்பரைக் கழட்டிப்போட்டுக் குடுங்கோ. சிவப்பு ரோசா வேண்டாம், அது காதலிக்குக் குடுக்கிறது, வெள்ளை லில்லி செத்த வீட்டுக்கு. கருவாடு கொண்டு போற எண்ணம் இருந்தா தயவுசெய்து விட்டிடுங்கோ. மது குடிக்காட்டியும் பரவாயில்லை, ஜூஸ் கிளாசைத் தூக்கி ஒவ்வொருத்தரா கண்ணைப் பாத்து "ப்ரோஸ்ட்" எண்டு சொன்னாச் சரி. ஏழு மணிக்கு வரச் சொன்னா ஏழுக்குப் பெல் அடியுங்கோ, ஆறே முக்காலுக்கே போய் வாசல்ல நிண்டா சமைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களுக்கு அந்தரமாப் போயிடும்.