மூன்று டல்ஹௌசி பிரபுக்களும் இரண்டு லேடி சூசன்களும்

கேள்வி: வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகளுக்குப் பட்டியல் தயாரித்துவருகிறேன். 1831, 1850, 1866 ஆகிய மூன்று ஆண்டுத் தாள்களிலும் ‘டல்ஹௌசி பிரபு’ வருகிறார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1860இலேயே இறந்துவிட்டாரே, அப்படியானால் 1866இல் இருப்பவர் யார்? ‘லேடி சூசன்’ என்ற பெண்ணும் இரண்டு இடங்களில் தென்படுகிறார். இவர்களை எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: மூன்று தாள்களில் இருப்பவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். இந்த விஷயத்தில் அனுபவமுள்ள பட்டியல்களிலும் குழப்பம் நேர்ந்திருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு எதையும் சேர்த்துவிடாமல் கேட்டது மிக நல்லது.

டல்ஹௌசி என்பது குடும்பப் பெயர் அல்ல. எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள ஒரு கோட்டையின் பெயர் அது. அதை ஆண்டவர்கள் ராம்சே குடும்பத்தினர். ஜார்ஜ் ராம்சே 1618இல் ‘மெல்ரோஸின் ராம்சே பிரபு’ ஆனார். அடுத்த ஆண்டே அந்தப் பட்டம் ‘டல்ஹௌசியின் ராம்சே பிரபு’ என்று மாற்றப்பட்டது. அவருடைய மகன் வில்லியமை 1633இல் டல்ஹௌசியின் ஏர்ல் (பிரபுக்களில் நடுத்தரப் படிநிலை) ஆக்கினார்கள். அன்றுமுதல் யார் ஏர்லோ அவர்தான் ‘டல்ஹௌசி பிரபு’. கையெழுத்தும் வெறும் ‘டல்ஹௌசி’தான்; இயற்பெயரைப் போடும் வழக்கம் இல்லை. எனவே கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தந்தையா மகனா என்று சொல்லவே முடியாது. தாளில் முதலில் தேடவேண்டியது ஆண்டு.

1831இல் இருப்பவர் 9ஆம் ஏர்ல் ஜார்ஜ் ராம்சே. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 1818இல் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவரே, மகன் அல்ல. 1830 முதல் 1832 வரை இந்தியாவில் தலைமைப் படைத்தளபதியாக இருந்தார். உங்கள் தாளில் படை உத்தரவு ஏதாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

1850இல் இருப்பவர், நம் பாடப்புத்தகங்களில் வாரிசு இழப்புக் கொள்கையோடு வரும் ஜேம்ஸ். இவர் மூன்றாவது மகன். மூத்த அண்ணன் 1832இல் இறந்த பிறகு, ஏர்லின் வாரிசு என்ற முறையில் ‘ராம்சே பிரபு’ என்று அழைக்கப்பட்டார். இது மரியாதைக்காக வழங்கும் பெயர்; சட்டப்படி அவர் அப்போது பிரபு அல்ல. அதனால்தான் 1837இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான மக்கள் அவைக்குத் தேர்தலில் நின்று வெல்ல முடிந்தது. 1838இல் தந்தை இறந்ததும் 10ஆம் ஏர்ல் ஆனார். 1849இல் ஏர்லுக்கு மேற்படியான மார்க்வெஸ் பட்டமும் கிடைத்தது. ஆகவே ‘10ஆம் ஏர்ல்’, ‘1ஆம் மார்க்வெஸ்’ என்று இரண்டு எண்களைக் கண்டால் இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள், இருவரும் ஒருவரே.

இனி 1866. ஜேம்ஸுக்கு மகன் இல்லை, இரண்டு பெண்கள் மட்டுமே. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒருவரிடம் நான்கு பட்டங்கள் இருந்தால் நான்கும் ஒரே வழியில் இறங்குவதில்லை. ஒவ்வொன்றும் எந்தச் சாசனத்தால் உண்டானதோ அதில் எழுதியபடிதான் இறங்கும். 1849இன் மார்க்வெஸ் பட்டம் ஜேம்ஸின் சொந்த ஆண்வாரிசுகளுக்கு மட்டும் உரியது. 1860 டிசம்பரில் அவரோடு அது முடிந்தது. 1633இன் ஏர்ல் பட்டமோ பழைய ராம்சே ஆண்வழி முழுவதற்கும் உரியது. ஆகவே அது பக்கக் கிளைக்குத் தாவி, அவருடைய சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மாலிடம் போனது. அந்தச் சித்தப்பா பான்மியூர் எஸ்டேட்டுகளைப் பெற்றதால் மால் என்ற குடும்பப் பெயரை ஏற்றவர். 1866இன் டல்ஹௌசி இந்த ஃபாக்ஸ் மால்தான், 11ஆம் ஏர்ல். 1855 முதல் 1858 வரை பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ‘பான்மியூர் பிரபு’ என்று படித்திருந்தால், அவரும் இவரே. பட்டம் மாறியதும் பெயரே மாறிவிட்டது.

கிளை மாறும்போது வேறொரு சிக்கலும் வரும். 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்த பிறகு, ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எல்லோரும் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் உட்கார முடியவில்லை. தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டியிருந்தது. 1963 வரை இந்த நிலை நீடித்தது. நிரந்தர இருக்கை வேண்டுமென்றால் தனியாக ஒரு புதுப் பட்டம் தேவைப்பட்டது. 9ஆம் ஏர்ல் 1815இல் ‘பாரன் டல்ஹௌசி’ ஆனது இதற்காகத்தான் (பாரன் என்பது பிரபுப் பட்டங்களில் கடைசிப் படி). அதுவும் 1860இல் மறைந்தது. 1874இல் ஃபாக்ஸ் மால் பிள்ளையின்றி இறந்ததும், அவருக்கு இருக்கை தந்த பான்மியூர் பட்டமும் மறைய, அடுத்து வந்த ஏர்லுக்கு 1875இல் ‘பாரன் ராம்சே’ என்று புதிதாகக் கொடுக்கவேண்டியதாயிற்று. லண்டன் தாள்களில் ஏர்லாக இருக்கும் அதே மனிதர் பாரன் என்று குறிக்கப்பட்டிருந்தால் திகைக்கவேண்டாம்.

லேடி சூசனைப் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஏனென்றால் இது சென்னைக்கே வந்துசேர்கிறது. கவர்னர் ஜெனரலின் மனைவி பெயர் சூசன். மகள் பெயரும் சூசன். மனைவி, 1842 முதல் 1848 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ட்வீடேல் மார்க்வெஸின் மகள். பிறப்பால் லேடி சூசன் ஹே. மார்க்வெஸ், ஏர்ல் ஆகியோரின் பெண்களுக்கு ‘லேடி’யோடு இயற்பெயர் சேரும். ஒரு ஏர்லின் மனைவியான பின் இயற்பெயர் விடப்பட்டு, கணவனின் பட்டம் வரும். எனவே 1838க்குப் பிறகு அவர் ‘லேடி டல்ஹௌசி’. 1853இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே இறந்தார். 1850களில் ‘லேடி சூசன் ராம்சே’ என்று இருந்தால் அவர் மகள்.

அந்த மகள் 1863இல் ராபர்ட் பர்க் என்பவரை மணந்து ‘லேடி சூசன் பர்க்’ ஆனார். 1886இல் பர்க் சென்னை கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டு பாரன் கன்னிமாரா ஆனார். எழும்பூர் நூலகத்தின் பெயர் அவருடையதே. தாத்தா ஆண்ட அதே ஊருக்குப் பேத்தி ‘லேடி கன்னிமாரா’வாக வந்தார் என்பதைப் பட்டங்களின் பெயர்கள் சுத்தமாக மறைத்துவிடுகின்றன.

பட்டியலில் முதலில் இயற்பெயரையும் குடும்பப் பெயரையும் எழுதுங்கள். பிறகு பட்டமும் அதன் எண்ணும். கடைசியில் பிறப்பு, இறப்பு ஆண்டுகள். ‘ஜேம்ஸ் ராம்சே, 10ஆம் ஏர்ல், 1ஆம் மார்க்வெஸ், டல்ஹௌசி, 1812–1860’ என்பது போல. தாளில் அவர் எந்தப் பெயரில் வருகிறாரோ அதை மாற்றாமல் தனிக் கட்டத்தில் அப்படியே பதிந்துவையுங்கள்.